சீத்தா மரம் வேறு கதை சொல்கிறது
ஒரே பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் இருந்தால் தன் மகரந்தச் சேர்க்கை தானாக நடந்துவிடும் என்கிறது மகரந்தச் சேர்க்கை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சென்னையில் எங்கள் வீட்டு சீத்தா மரத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. பூ பாதி விரியும்போது சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகத்தின் நுனி) பிசுபிசுப்பாகத் தயாராக இருக்கும், மகரந்தம் வராது. இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் கொட்டும்போது சூல்முடி காய்ந்துவிடும். இடையில் மகரந்தத்தைக் கடத்துபவை சின்ன வண்டுகள். எங்கள் பகுதியில் அவை குறைவு போலிருக்கிறது, பூத்துக் குலுங்கியும் காய் பிடிக்கவில்லை. அப்புறம் விரிந்த பூவின் மகரந்தத்தைப் பிரஷ்ஷில் எடுத்துப் பாதி விரிந்த பூவில் தடவினேன், காய்த்தது. ஆனால் இந்த நேர வித்தியாசம் ஒரு பூவுக்குள் மட்டுமே தடை. அதே மரத்தின் இன்னொரு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை அது தடுக்காது. முட்டைக்கோஸோ தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு சூல்முடியிலேயே நிறுத்திவிடும். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.