உண்மை விளக்கம்: எகிப்தின் எச்.ஏ-300 போர்விமானத்தை இஸ்ரேல் குண்டு போட்டு அழித்ததா?

"எகிப்து தன்னந்தனியாக வடிவமைத்த எச்.ஏ-300 போர்விமானத்தை 1967 போரில் இஸ்ரேல் அழித்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டு பாதியும் தவறு.

வடிவமைப்பு ஸ்பெயினில் தொடங்கியது. வரைந்தவர் ஜெர்மானியரான வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். ஸ்பெயின் பணமில்லாமல் கைவிட்ட திட்டத்தை எகிப்து அதிபர் நாசரின் அரசு வாங்கி, கெய்ரோ அருகே ஹெல்வானுக்குக் கொண்டுவந்தது. எஞ்சினுக்கு ஆஸ்திரியாக்காரர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் வந்தார்.

நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி அடுத்தது. 1964 மார்ச் 7 அன்று இதை முதன்முதலில் வானில் ஏற்றியவர் இந்திய விமானப்படையின் சோதனை விமானி கபில் பார்கவா! காரணம் இருந்தது: இந்தியாவில் உருவான நம் மாருத் போர்விமானத்துக்கு வலுவான எஞ்சின் கிடைக்கவில்லை. பிராண்ட்னரின் இ-300 எஞ்சின் கைகொடுக்கும் என்று நம்பி இந்தியாவும் அதற்குப் பணம் போட்டது. ஒரு மாருத்தையே ஹெல்வானுக்கு அனுப்பி, அதில் இந்த எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள்.

சரி, 1967 ஜூன் 5? அன்று இஸ்ரேலின் தாக்குதலில் எகிப்து விமானப்படை தரையிலேயே நொறுங்கியது உண்மைதான். ஆனால் எச்.ஏ-300 திட்டம் அதற்குப் பிறகும் ஓடியது. அதை மூடியது 1969 மே மாதம், எகிப்து அரசே. செலவு தாங்கவில்லை, சோவியத் மிக்-21 போர்விமானம் வேறு தயாராகக் கிடைத்தது. அழிந்ததாகச் சொல்லப்படும் விமானங்களில் ஒன்றை ஜெர்மனியில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.