சின்னக் கட்டடங்களை யார் பார்ப்பது?
20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம், அதனால் ஏரித் தண்ணீருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அந்த வரம்பு இருப்பது உண்மைதான், ஆனால் எங்கள் பகுதியில் ஏரிக்கரையை ஒட்டி வரிசையாக எழும்பிய நாலு மாடி வீடுகளில் ஒன்றுகூட அந்த அளவைத் தொடாது, எல்லாம் சேர்ந்தால் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பே வந்துவிட்ட மாதிரி. அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கரையிலேயே கொட்டினார்கள், ஐப்பசி மழையில் அத்தனையும் ஏரிக்குள் போனது. அப்புறம் ஆட்கள் குடிவந்தார்கள், கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்கியது, இப்போது எங்கள் கிணற்றில் வாளியை இறக்கினால் சாக்கடை வாடை. கட்டடத்தின் பரப்பை மட்டும் பார்க்காமல், ஏரியிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது, கழிவு எங்கே போகிறது என்று பார்த்து அதிகாரிகள் அனுமதி கொடுக்க வேண்டும்.