வேகத்தில் தோற்கவில்லை ஹரிக்கேன்

1942 ஏப்ரல் 5, கொழும்பு வானில் பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் ஜப்பானிய சீரோ போர் விமானங்களிடம் அடிவாங்கியது வேகம் போதாமல்தான் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வளைந்து திரும்புவதில்தான் சீரோ கில்லாடி. அதற்காக எடையைக் குறைக்க, விமானிக்குக் கவசத் தகடுகூட வைக்கவில்லை; நாலு குண்டு பட்டால் தீப்பிடித்துவிடும். அன்றைக்கு கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானத் தளத்தில் நம் பக்கத்து ஹரிக்கேன்கள் மேலெழும்பும்போதே மாட்டிக்கொண்டன, அதுதான் பெரிய அடி.

எங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து போடுவார்கள். சங்கராக வரும் மாமா கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் கட்டிக்கொண்டு திரும்பவே திணறுவார். அவரோடு சண்டை போடும் வேடனுக்குச் சாக்குத் துணி மட்டும். சுற்றிச் சுற்றி வருவான். ஆனால் மரக்கத்தி தவறிப் பட்டால் ‘ஐயோ’ என்று கத்துவதும் அவன்தான். சீரோவைப் பற்றி வாசித்தபோது அந்த வேடன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.