போர்த்திக்கொண்டால் மறைந்துவிடலாமா?

"ஒளியை மேற்பரப்பிலேயே வழுக்கி ஓடவைக்கும் துணி வந்துவிட்டது, போர்த்தினால் ஆளே தெரியாது" என்று ஒரு காணொளி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஈசூனிலிருந்து பெரியம்மாவும் அனுப்பி, "நெசமாப்பா?" என்று கேட்டார்.

இல்லை, பெரியம்மா. அது பச்சைத் திரை வேலை. துணியின் நிறம் விழும் இடத்தில், ஆள் இல்லாதபோது எடுத்த படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

ஆய்வு நடந்தது உண்மைதான். 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிறிய செப்பு உருளை ஒன்றை மறைத்துக் காட்டினார்கள். ஆனால் மறைத்தது கண்ணிலிருந்து அல்ல, நுண்ணலையிலிருந்து (மைக்ரோவேவ்), அதுவும் அரைகுறையாகத்தான்.

சரி, மேற்பரப்பில் ஓடும் ஒளி? அதுவும் உண்டு. உலோகத்தின் மேல் எலக்ட்ரான்களோடு கைகோத்து ஓடும் அலை அது. அலைநீளத்தைவிடச் சிறிய வரிகளைச் செதுக்கி அதைத் திருப்பலாம், குவிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெள்ளியின் மேல்கூடச் சில பத்து மைக்ரோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவு ஓடியதுமே வெப்பமாகித் தேய்ந்துவிடும். ஓர் ஆளைச் சுற்றி அது எப்படி வரும்?

இந்த அறிவியலின் அழகைப் பார்க்க வேண்டுமா? அலமாரியில் கிடக்கும் ஏஆர்டி கிட்டை, அதாவது கோவிட் விரைவுப் பரிசோதனைக் கிட்டை எடுங்கள். பல கிட்களில் அந்தச் சிவப்புக் கோடு தங்க நுண்துகள்களால் ஆனது. துகள்களின் எலக்ட்ரான்கள் பச்சை ஒளியோடு சேர்ந்து ஆடி அதை விழுங்கிவிடுகின்றன. அதனால்தான் தங்கம் அங்கே சிவப்பாகத் தெரிகிறது.