நானோ மஞ்சள் மாத்திரையும் சமையல் மஞ்சளும் ஒன்றல்ல

"நானோ குர்குமின் நம்ம சமையல் மஞ்சள்தான், துகள் சின்னது என்பதால் உடம்பில் நன்றாகச் சேரும், எவ்வளவு எடுத்தாலும் பாதிப்பில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றாகச் சேரும் என்பது சரி. பாதிப்பில்லை என்பதுதான் அதிலிருந்து வராது.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் கொஞ்சம் ஏறினாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடும். மஞ்சள்தூளில் அது இருப்பதே சுமார் 3 சதவீதம். தலைமுறை தலைமுறையாகச் சாம்பாரில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தக் குறைந்த அளவும் ஒரு காரணம். துகளை நுண்ணியதாக்குவதும் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்ப்பதும் இந்தத் தடையைத் தாண்டத்தான். அப்படி ரத்தத்தில் கூடுதலாக ஏறும் பொருளுக்குச் சமையலறை அனுபவத்தைச் சான்றாகக் காட்ட முடியாது.

நீங்களே பார்க்கலாம். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ, மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று 2023-இல் எச்சரித்தது. எளிதில் உறிஞ்சப்படும் வகைகளிலும் அதிக அளவிலும் ஆபத்து கூடலாம் என்றும் சொன்னது. அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உணவு நிறமியான குர்குமினுக்கு (இ100) வைத்த தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180. அதுவும் சாதாரண குர்குமினுக்கான கணக்கு. டப்பாவைத் திருப்பி, 'மஞ்சள் சாறு' எடையை விட்டுவிட்டு, குர்குமின் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே கல்லீரல் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.