மீன், தயிர், வெண்புள்ளி: அந்தப் பின்னூட்டங்களுக்கு

நேற்று, தோலில் வெண்புள்ளி உள்ள அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே "மீனும் தயிரும் சேர்த்துத் தின்றிருப்பாய், அதான்" என்று எழுதியவர்களுக்குத்தான் இது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகரைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். அவர் நூலான சரக சங்கிதை, சூத்திரஸ்தானம், 26-ஆம் அத்தியாயம். அங்கே மீனோடு சேரக்கூடாது என்றிருப்பது பால். தயிர் இல்லை, பால். காரணமும் அங்கேயே இருக்கிறது: இரண்டும் இனிப்புச் சுவை, ஆனால் பால் சீத வீரியம் (குளிர்ச்சி தருவது), மீன் உஷ்ண வீரியம் (சூடு தருவது), இந்த முரண் ரத்தத்தைக் கெடுக்கும் என்கிறார். தயிரோ புளிப்பு, உஷ்ண வீரியம். பாலுக்குச் சொன்ன காரணம் தயிருக்கு எப்படிப் பொருந்தும்? வங்காளத்தில் தயிர் ஊற்றியே மீன் குழம்பு வைக்கிறார்கள்.

"விருத்த உணவால், அதாவது ஒன்றுக்கொன்று முரணான உணவால், வரும் நோய்களில் கிலாசம் என்ற வெண்புள்ளி நோயும் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, மறைக்கவில்லை. நாலு சுலோகம் தள்ளியும் படியுங்கள். பழகிய உணவானால், அளவு கொஞ்சமானால், ஜடராக்கினி என்ற செரிமான சக்தி வலுவாக இருந்தால், உண்பவர் இளவயதினரானால், உடற்பயிற்சி செய்பவரானால் விருத்தம் பலிக்காது என்று அவரே சொல்கிறார். அது மட்டும், எதோடு எது சேரக்கூடாது என்று நீங்கள் பகிரும் பட்டியல் படத்தில் ஏன் இல்லை?

தேனும் நெய்யும் அப்படித்தான். சம அளவில் கூடாது என்றதை "சேரவே கூடாது" ஆக்கிவிட்டீர்கள். சியவனப்பிராச லேகியத்தில் இரண்டுமே உண்டு.

"மீன் தின்று உடம்பெல்லாம் தடித்ததைக் கண்ணால் பார்த்தேன்" என்பவர்களை நம்புகிறேன். ஆனால் மீன் ஐஸில் இருந்ததா என்று கேளுங்கள். சூரை, அயிலை, மத்தி வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை, ஒவ்வாமை போலத் தடிப்பைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. தின்ற சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த பாவத்துக்குப் பழி தயிர் மேல் விழுகிறது. பால் குடித்து வயிறு உப்பினால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத உடம்பாக இருக்கலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்தி, மறுபடி அரை டம்ளர் குடித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துகிறேனாம். "மாறல்ல துய்க்க", அதாவது முரண்படாததை உண்க, என்ற வள்ளுவர் அதே குறளில் "அற்றது அறிந்து" என்றும் சொன்னார். முன்பு உண்டது செரித்ததா என்று அவரவர் தன் வயிற்றைக் கவனிக்கச் சொன்ன சொல் அது. அடுத்தவர் தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதவா சொன்னார்?

வெண்புள்ளி தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்களை உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது. அவள் தட்டில் எதை எதோடு பிசைந்தாள் என்பதால் வந்ததில்லை. இதை நம்பி மீனையும் தயிரையும் நிறுத்தும் வீடுகளில் புள்ளி குறைவதில்லை, பிள்ளைக்குப் புரதம்தான் குறைகிறது. கூடவே, "நான்தான் ஏதோ தப்பாகத் தின்றுவிட்டேன்" என்ற நினைப்பும் அந்தப் பிள்ளைக்குள் இறங்கிவிடுகிறது.

அந்தப் பின்னூட்டங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவள் பார்ப்பதற்குள் அழித்துவிடுங்கள்.