‘கல்யாணம் ஆயிருச்சா?’ என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம்

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தால் சேலத்துக் கல்லூரிகளில் சட்டைக்குச் சட்டை சிவப்பு ரிப்பன் தெரியும். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் நடக்கும் ரெட் ரிப்பன் கிளப் பிள்ளைகள் கோலம் போடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986-ல் சென்னையில்தான். அதற்கப்புறம் இதைப் பற்றி நம் மாநிலத்தில் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் அதே ஊர்வலத்தில் நடந்த பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் டெஸ்டுக்குப் போகிறதா? போவதில்லை.

தனியார் லேபில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை தினமும் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்க்கிறேன். ஒரு பையன் வந்து “சுகர் பாக்கணும்” என்பான். இருபது வயசுப் பையனுக்கு என்ன சுகர்? பில் போடும்போது குரல் இறங்கும். “அப்படியே எச்.ஐ.வி.யும் பாத்துருங்க, வெளிநாடு போறதுக்குக் கேக்கறாங்க.” பக்கத்தில் நிற்பவர் லேசாகத் திரும்பினால் போதும், “அப்புறம் வரேங்க்கா” என்று கிளம்பிவிடுவான். பெண் பிள்ளைகள் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை. வந்தால் முதல் கேள்வியே, “ஏன் கண்ணு, கல்யாணம் ஆயிருச்சா?” இல்லை என்றதும் கேட்டவர் முகம் மாறும். அந்த முகத்துக்குப் பயந்தே எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அப்புறம் எங்கே போவார்கள்? மெடிக்கல் ஷாப்புக்கு. எரிச்சல் என்று சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கின மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் பணம் அழுகிறவர்களும் உண்டு. சிபிலிஸ் என்கிற பால்வினை நோயில் வரும் புண் வலிக்காது, மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆனால் கிருமி உள்ளேயேதான் இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் அது! அதே மாதிரி பால்வினை நோய்களான கிளமிடியாவும் வெட்டை நோயும் பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை போய், பின்னால் குழந்தை நிற்பதே சிரமமாகிவிடும்.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு இந்த டெஸ்ட் முதன்முதலாக எப்போது நடக்கிறது? பெரும்பாலும் மாசமான பிறகு. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் பார்த்துவிடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அவள் கணவனுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. சிபிலிஸ் இருந்து அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால், வீட்டுக்குப் போய் கணவனிடமிருந்து மறுபடியும் தொற்றிக்கொள்ளலாம். இரண்டு பேரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும் என்பதை மாமியார் முன்னால் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வருமா?

ரத்ததான முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானமாகக் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் பார்ப்பார்கள். இது தெரிந்து, டெஸ்டுக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க வருகிற பையன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொற்று வந்த முதல் சில வாரங்களில் டெஸ்டில் தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் வேறு ஒருவருக்கு ஏறிவிடும். ஆனால் அவர்களை மட்டும் நான் திட்ட மாட்டேன். யாரும் கேள்வி கேட்காத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்து வருகிறார்கள்.

மலையில் இன்னும் கஷ்டம். ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகிற குடும்பங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் சித்தப்பாவின் சிநேகிதராக இருப்பார். அதற்குப் பயந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வர வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. டெஸ்ட் எடுக்கிற வண்டியை மலைக்கே அனுப்பலாம்தான். ஆனால் பக்கவாட்டில் எய்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதி வாழவந்தி மாதிரி மலைக்கிராமத்தில் நிறுத்தினால் யார் ஏறுவார்கள்? ரத்த அளவு, பிரஷர், சுகர் பார்க்கிற பொது முகாமாக நடத்தி, விரும்புகிறவர்களுக்கு இதையும் தனியாகப் பார்த்துக் கொடுத்தால் வருவார்கள்.

வசதி இல்லாமலும் இல்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், டெஸ்டுக்கு முன்னும் பின்னும் கவுன்சிலர் உட்கார்ந்து பேசுவார். சுரக்ஷா கிளினிக்கில் பால்வினை நோய்க்கு மருந்தும் இலவசம். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, ரிசல்ட்டை வெளியே சொல்லவோ கூடாது. சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

கல்லூரிகளில் கிளப் நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் ஊர்வலம் போவதற்கு முன்னால் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எந்த வாசல், எந்த அறை, யார் இருப்பார், எத்தனை மணி வரை என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நீங்களும் கூடவே போய், முதல் ஆளாக உட்கார்ந்து உங்கள் ரத்தத்தை டெஸ்டுக்குக் கொடுங்கள்.